பழைய ஹோம் மூவில எல்லாரும் ஏன் வெயில்லயே நிக்கிறாங்க?

1920-ல இருந்து 1960 வரைக்கும் சும்மா ஆசைக்கு கேமரா வாங்கின யாரோ ஒருத்தர் எடுத்த படம், எந்த நாட்டுதா வேணா இருக்கட்டும், ஒரு பத்து பாத்தீங்கன்னா போதும். எல்லாரும் வெளியதான் நிக்கிறாங்க, சுள்ளுனு வெயில், கண்ணை சுருக்கிட்டு சிரிக்கிறாங்க, குழந்தை தத்தி தத்தி நடக்குது, நாய் குறுக்க ஓடுது, யாரோ கேமராவைப் பாத்து கையை ஆட்டுறாங்க, படார்னு அடுத்த ஷாட். சமையல்கட்டு கிடையாது, ராத்திரி கிடையாது, சண்டை கிடையாது, காய்ச்சல்ல படுத்திருக்கறது கிடையாது. அதைப் பாத்துட்டு அந்த காலத்துல ஜனங்க எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காங்கன்னு பெருமூச்சு விடுறவங்க நிறைய பேர். எனக்கு அப்படி தோணல. அந்த சிரிப்புல பாதிக்கு மேல காரணம் ஃபிலிமோட வேகம் (அதாவது எவ்வளவு கம்மி வெளிச்சத்துல படம் பிடிக்கும்ங்கிறது), கேமரா ஸ்பிரிங், ரோலோட விலை, இந்த மூணும்தான். எப்படின்னு சொல்றேன்.

சினிமா பொறந்தப்பவே ஹோம் மூவியும் கூடவே பொறந்துடுச்சு. 1895 டிசம்பர் 28 பாரிஸ்ல லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிட்டு காட்டின முதல் ஷோல மொத்தம் பத்து குட்டி படம், அதுல ஒண்ணு அகஸ்ட் லூமியேரும் அவர் மனைவியும் தங்களோட கைக்குழந்தைக்கு சாப்பாடு ஊட்டுறது. அதுவும் வெளியில, வெயில்ல! ஆனா அவங்க போட்டோ பிளேட் செய்யுற கம்பெனி முதலாளிங்க, அதனால வீட்டுப் படம் எடுத்தாங்க. சாதாரண ஆளுக்கு அது கைக்கு எட்ட இன்னும் 28 வருஷம் ஆச்சு.

ஏன் அவ்வளவு நாள்னா ரெண்டு பிரச்சினை, ஒண்ணு நெருப்பு, இன்னொண்ணு செலவு. சினிமாக்காரங்க யூஸ் பண்ணின 35 எம்எம் ஃபிலிம் நைட்ரேட்ல செஞ்சது. நைட்ரேட் பத்திக்கிச்சுன்னா அதுவே ஆக்சிஜனை கக்கிட்டு எரியும், தண்ணிக்குள்ள முக்கினாலும் அணையாது. தியேட்டர்ல ப்ரொஜெக்டர் ரூமை தனியா, நெருப்பு தாண்டாத மாதிரி கட்டினதே இதுக்குத்தான், அதைக் கொண்டுபோய் வீட்டு ஹால்ல குழந்தைங்களுக்கு நடுவுல ஓட்ட முடியுமா? லண்டன்ல பர்ட் ஏக்கர்ஸ்ங்கிறவர் 1898-லயே 35-ஐ பாதியா கிழிச்ச 17.5 எம்எம்ல வீட்டுக்குன்னு ஒரு கேமரா கொண்டு வந்தாரு, ஆனா அது பெருசா பரவல. 1912-ல பாத்தேங்கிற பிரெஞ்சு கம்பெனி, அசிடேட்ல செஞ்ச, சட்டுனு தீப்பிடிக்காத ஃபிலிம்ல 28 எம்எம் ப்ரொஜெக்டர் விட்டாங்க, அதே வருஷம் எடிசன் 22 எம்எம்ல ஒண்ணு விட்டாரு, ரெண்டும் பெரும்பாலும் காசு உள்ளவங்க வீட்டுல ரெடிமேட் படம் பாக்கத்தான் ஆச்சு.

நிஜமான திருப்பம் 1922, 23-ல வந்தது, ரெண்டு பக்கத்துல இருந்து. பிரான்ஸ்ல பாத்தே 1922 கடைசில பாத்தே பேபின்னு குட்டி ப்ரொஜெக்டர் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே கேமராவும். ஃபிலிம் அகலம் 9.5 எம்எம், ஓட்டை ஓரத்துல இல்ல, ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு. இது ரொம்ப புத்திசாலித்தனமான வேலை, ஓரத்துல ஓட்டைக்கு இடம் விட வேணாம், அதனால ஃபிலிமோட முழு அகலத்துக்கும் படம், கிட்டத்தட்ட 16 எம்எம் ஃப்ரேமை நெருங்கிடும். கஷ்டம் என்னன்னா ப்ரொஜெக்டர்ல ஃபிலிம் சிக்கிச்சுன்னா ஃபிலிமை இழுக்குற கொக்கி கிழிக்கிற இடம் படத்தோட நட்டநடுவுல வரும், ஓரத்துல கிழிஞ்சா மறைச்சிடலாம், மூஞ்சிக்கு குறுக்க கோடு போட்டா என்ன பண்றது.

அமெரிக்காவுல கோடாக் 1923-ல 16 எம்எம் கொண்டு வந்தாங்க, அதுவும் சட்டுனு தீப்பிடிக்காத ஃபிலிம்தான். ஏன் 16, அது என்ன கணக்குன்னு கேக்குறவங்களுக்கு: 10 எம்எம் படத்துக்கு, ரெண்டு பக்கமும் ஓட்டைக்கு மூணு மூணு. 17.5 வெச்சிருந்தா எவனாவது 35 எம்எம் நைட்ரேட்டை நீளவாக்குல ரெண்டா கிழிச்சு மலிவா வித்துடுவான், அது வீட்டுக்குள்ள போய் பத்திக்கும், 16-ன்னா அந்த வேலை நடக்காது. அதாவது அந்த நம்பருக்குள்ள ஒரு தீயணைப்பு ஏற்பாடே இருக்கு. கோடாக் ஆராய்ச்சிக் கூடத்துல ஜான் காப்ஸ்டாஃப் வேலை செஞ்சு கொண்டு வந்த ரிவர்சல் முறைதான் அடுத்த முக்கியமான விஷயம். சாதாரணமா நெகடிவ் ஒரு ஃபிலிம், அதுல இருந்து பிரிண்ட் போட இன்னொரு ஃபிலிம், ரெண்டு செலவு. ரிவர்சல்ல கேமராவுக்குள்ள ஓடின அதே ஃபிலிமை முதல்ல நெகடிவா டெவலப் பண்ணி, அதுல உருவான வெள்ளியை கரைச்சு எடுத்துட்டு, மிச்சம் இருக்கறதுக்கு மறுபடி வெளிச்சம் காட்டி பாசிடிவா மாத்திடுவாங்க. ஒரே ஃபிலிம், பாதி செலவு. ஃபிலிம்ல இருக்கற வெள்ளி உப்புத் துகள்ல பெருசுதான் முதல்ல வெளிச்சத்தை வாங்கும், அதெல்லாம் கரைஞ்சு போயிடுறதால மிஞ்சுறது சின்ன துகள், அதனால சின்ன ஃபிலிமா இருந்தும் படம் பொரிபொரியா தெரியாது.

ஆனா இதுக்குள்ள ஒரு வில்லங்கம் இருக்கு, அதை அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல. நெகடிவே இல்லன்னா லேப்ல இருந்து திரும்பி வர்ற ரீல்தான் உலகத்துல இருக்கற ஒரே காப்பி. ஒவ்வொரு தடவை விருந்தாளிக்கு போட்டு காட்டும்போதும் அந்த ஒரிஜினல்லயேதான் கீறல் விழும். ரொம்ப பிடிச்ச படம்தான் ரொம்ப கெட்டுப்போயிருக்கும், கடுப்பா இருக்குல்ல.

செலவு பாதி ஆச்சுன்னு சொன்னேனே தவிர மலிவுன்னு சொல்லல. முதல் சினி கோடாக் கேமரா, ப்ரொஜெக்டர், ஸ்டாண்ட், ஸ்கிரீன், ஒட்டுற கருவி எல்லாம் சேர்ந்த செட்டு 335 டாலர். 1923-ல அது டாக்டர், வக்கீல், முதலாளி வீட்டு சமாச்சாரம். 100 அடி ரோல் ஒண்ணுல அடிக்கு 40 ஃப்ரேம், செகண்டுக்கு 16 ஃப்ரேம், ஆக மொத்தம் 4 நிமிஷம் 10 செகண்ட். பாத்தே பேபி கேமரால 9 மீட்டர்தான் போடலாம், ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல. இப்படி செகண்ட் செகண்டா எண்ணிட்டு இருக்கறவன் எதை எடுப்பான்? அம்மா துணி துவைக்கிறதையா? பொறந்தநாள், கல்யாணம், கடற்கரை, புது கார், குழந்தையோட முதல் நடை, இதைத்தான் எடுப்பான். கேமரா வெளிய வந்தாலே எல்லாரும் நிமிர்ந்து நிப்பாங்க, சிரிப்பாங்க, போட்டோன்னா அசையாம நிக்கணும்னு பழகினவங்க வேற, அசைய சொன்னா என்ன பண்றதுன்னு தெரியாம கையை ஆட்டுவாங்க. அந்த கையாட்டல் உலகம் பூரா ஒரே மாதிரி இருக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

வெயிலுக்கு காரணம் இன்னும் சிம்பிள். வெளிச்சத்தை வாங்குறதுல ஃபிலிம் ரொம்ப மந்தம். 1935-ல வந்த கோடாக்ரோம் கலர் ஃபிலிமோட வேகம் இன்னைக்கு கணக்குல ஐஎஸ்ஓ 10 பக்கம். உங்க ஃபோன் ராத்திரி ரூமுக்குள்ள எடுக்கும்போது சத்தமில்லாம 1000-ஐ தாண்டும், அப்ப நூறு மடங்கு வித்தியாசம். வீட்டுக்குள்ள எடுக்கணும்னா கண்ணு கூசுற ஃபோட்டோஃப்ளட் பல்பு வெச்சு சூட்டுல வேர்த்துட்டு எடுக்கணும், அந்த பல்பும் சில மணி நேரத்துல உயிரை விட்டுடும். அதனால கேமராமேன் முதுகுக்கு பின்னாடி சூரியன், எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சில முழு வெயில், அப்படித்தான் எடுக்கணும்னு கையேடே சொல்லும். அவங்க கண்ணை சுருக்காம வேற என்ன பண்ணுவாங்க.

மூணாவது ஸ்பிரிங். முதல் சினி கோடாக்ல செகண்டுக்கு ரெண்டு சுத்து கைப்பிடியை சுத்தணும், ஸ்டாண்ட் இல்லாம முடியாது. 1923 கடைசில பெல் அண்ட் ஹவல் கொண்டு வந்த ஃபில்மோங்கிற கேமரா, கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்குக்கு சாவி கொடுத்தா ஓடும், கைல பிடிச்சிட்டு நடக்கலாம், அங்கதான் கேமராவுக்கு கால் முளைச்சுது. ஆனா சாவி தீந்தா ஷாட்டும் தீந்துது. 1935-ல ஸ்விட்சர்லாந்து பையார் கம்பெனி விட்ட போலெக்ஸ் எச் 16 நல்ல கேமராதான், பல வருஷம் கலைஞர்கள் அதைத்தான் வெச்சிருந்தாங்க, அதுலயும் ஒரு சாவிக்கு அரை நிமிஷம்தான் தேறும். அமெச்சூர் படம் ஏன் துண்டு துண்டா இருக்குன்னா எடிட்டிங் ஸ்டைல்லாம் ஒண்ணும் இல்ல, ஸ்பிரிங் அவ்வளவுதான் இழுக்கும்.

1932-ல, அமெரிக்கா பொருளாதார மந்தத்துல மூச்சு முட்டிட்டு இருந்த நேரத்துல, கோடாக் 8 எம்எம் கொண்டு வந்தாங்க. தந்திரம் என்னன்னா ஃபிலிம் நிஜத்துல 16 எம்எம் அகலம்தான், 25 அடி. ஒரு பக்கம் பாதி அகலத்துல எடுத்து முடிச்சதும் கேமராவைத் திறந்து ஸ்பூலை மாத்தி போட்டு மறுபாதில எடுக்கணும், லேப்ல நடுவுல கிழிச்சு ஒட்டி 50 அடியா குடுப்பாங்க. ஃப்ரேம் கால்வாசி சைஸ்தான், ஆனா அதே 4000 ஃப்ரேம், அதே 4 நிமிஷம். கேமரா விலை 29.50 டாலர். பழைய 8 எம்எம் படத்துல நடுவுல திடீர்னு ஆரஞ்சும் வெள்ளையுமா வெளிச்சம் பொங்கி அடங்கும் பாருங்க, அது ஸ்பூலை மாத்தும்போது நிழலுக்கு போகாம வெயில்லயே திறந்ததோட அடையாளம். மாத்தினதை மறந்துட்டு அதே பக்கத்துல இன்னொரு தடவை எடுத்து, பாட்டி மேல கடல் அலை ஓடுற மாதிரி படம் வந்ததும் உண்டு.

கோடாக்ரோம் பத்தி ஒரு வார்த்தை, அதைக் கண்டுபிடிச்ச லியோபோல்ட் மான்ஸும் லியோபோல்ட் கோடவ்ஸ்கியும் தொழில்முறை இசைக்கலைஞர்கள், ரெண்டு பேரும் சொந்த ஆர்வத்துல கலர் ஃபிலிம் ஆராய்ச்சில இறங்கினவங்க. அமெச்சூர்களுக்கான கலர் ஃபிலிமை கண்டுபிடிச்சதும் ரெண்டு அமெச்சூர்தான்! அதை வீட்டுல டெவலப் பண்ணவே முடியாது, கோடாக் லேபுக்கு அனுப்பணும், அமெரிக்காவுல அந்த கூலியையும் ஃபிலிம் விலையோட சேர்த்தே வித்தாங்க, 1954-ல அரசாங்கம் போட்ட வழக்குக்கு அப்புறம்தான் அதைப் பிரிச்சாங்க.

இதுவரைக்கும் மெஷின் கதை. ஆனா அமெச்சூர்னா வெறும் குடும்பப் படம்னு அந்த காலத்துல யாரும் நினைக்கல, இது முக்கியம். 1926-ல நியூயார்க்ல அமெச்சூர் சினிமா லீக்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சவர் ஹைரம் பெர்சி மாக்சிம். இவங்க அப்பா மாக்சிம் மெஷின் கன் கண்டுபிடிச்சவர், இவர் துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடிச்சவர், அப்பா போட்ட சத்தத்தை புள்ள அடக்கினாரு. 1914-ல அமெச்சூர் ரேடியோக்காரங்களுக்கு சங்கம் ஆரம்பிச்ச அதே ஆள். ரேடியோ ஆபரேட்டருங்க ஒருத்தருக்கொருத்தர் சேதி அனுப்புற மாதிரி ஊர் ஊரா ஆளுங்க படத்தை அனுப்பி பாத்துக்கணும்னு அவருக்கு ஆசை. பத்திரிகை நடத்தினாங்க, 1930-ல இருந்து வருஷா வருஷம் சிறந்த பத்து படம் தேர்ந்தெடுத்தாங்க. பிரிட்டன்லயும் ஊருக்கு ஊர் சினி கிளப், அங்க ஸ்டூடியோ மாதிரியே ஒருத்தர் டைரக்டர், ஒருத்தர் மேக்கப், ஒருத்தர் டீ போடுறவர்னு பிரிச்சுக்கிட்டு கதைப்படம் எடுத்தாங்க, பெரும்பாலும் சுமாராத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்த வழியில வந்தவங்களைப் பாருங்க. கிளாஸ்கோ ஆர்ட் ஸ்கூல் மாணவர் நார்மன் மக்லாரன் ஸ்காட்டிஷ் அமெச்சூர் படவிழாவுல படம் காட்ட, நடுவரா வந்த டாக்குமெண்டரி முன்னோடி ஜான் கிரியர்சன் அவரை தன்னோட படக்குழுவுக்கே வேலைக்கு எடுத்துக்கிட்டாரு, மக்லாரன் பின்னாடி உலகப்புகழ் அனிமேஷன் கலைஞர் ஆனாரு.

ஜப்பான்ல கதை வேற மாதிரி போச்சு. பாத்தே பேபி அங்க பணக்கார வீட்டு விளையாட்டு சாமான். சசா கென்ஜூங்கிற இடதுசாரி இளைஞர் 1927-ல அதைத் தூக்கிட்டு போய் டோக்கியோ மே தின ஊர்வலத்தை எடுத்தாரு. பெரிய கேமராவா இருந்தா போலீஸ் விட்டிருக்குமா? அடுத்த வருஷம் இந்த பொம்மையே நமக்கு ஆயுதம்ங்கிற ரீதியில கட்டுரை எழுதினாரு, 1929-ல ப்ரோகினோன்னு தொழிலாளர் சினிமா சங்கமே வந்துச்சு, சில வருஷத்துல அரசாங்கம் நசுக்கிடுச்சு.

அமெரிக்காவுலயும் எல்லாரும் கடற்கரையை மட்டும் எடுத்துட்டு இருக்கல. சாலமன் சர் ஜோன்ஸ்னு ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார், கறுப்பினத்தவர், 1924-ல இருந்து 28 வரைக்கும் ஓக்லஹோமால கறுப்பின மக்களோட கடை, பள்ளிக்கூடம், சர்ச், ஊர்வலம்னு 29 ரீல் எடுத்து வெச்சாரு. ஹாலிவுட் அப்ப கறுப்பினத்தவரை எப்படிக் காட்டிட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த 29 ரீலோட கனம் புரியும். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பானிய அமெரிக்கர்களைப் பிடிச்சு முகாம்ல அடைச்சப்ப உள்ள கேமராவுக்கு தடை, யூட்டா மாநிலம் டோபாஸ் முகாம்ல இருந்த டேவ் டட்சுனோ ஒரு ஊழியர் உதவியோட தன்னோட 8 எம்எம் கேமராவை உள்ள கொண்டு வந்து கலர்லயே எடுத்தாரு. அதுலயும் ஜனங்க சிரிக்கிறாங்க, பனில விளையாடுறாங்க, அதைப் பாத்துட்டு முகாம் ஜாலியா இருந்துச்சுன்னு சொல்லுவீங்களா? கேமரா முன்னாடி மனுஷன் சிரிப்பான், அவ்வளவுதான். அந்தப் படம் 1996-ல அமெரிக்க தேசிய திரைப்படப் பட்டியல்ல சேந்துச்சு.

தற்செயலா மாட்டினதும் உண்டு. 1940 நவம்பர் 7, டகோமா தொங்கு பாலம் காத்துல முறுக்கிட்டு உடைஞ்சு விழுந்ததை எடுத்தது கேமரா கடை வெச்சிருந்த பார்னி எலியட். செகண்டுக்கு 16 ஃப்ரேம்ல எடுத்ததை பின்னாடி வீடியோ ஆக்கும்போது 24-ன்னு நினைச்சு ஓட்டிட்டாங்க, அதனால பாலம் நிஜத்தை விட ஒண்ணரை மடங்கு வேகமா ஆடுச்சு, பல வருஷமா பிசிக்ஸ் கிளாஸ்ல மாணவர்கள் பாத்தது அந்த தப்பான வேகத்தைத்தான், 2015-லதான் இதைச் சுட்டிக் காட்டி எழுதினாங்க. 1963-ல கென்னடி சுடப்பட்டதை எடுத்த ஏப்ரஹாம் ஸப்ரூடரோட படம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 486 ஃப்ரேம், 27 செகண்டுக்கும் கம்மி, அதே சின்ன 8 எம்எம்.

போருக்கு அப்புறம் ராணுவத்துல மிஞ்சின 16 எம்எம் சாமானெல்லாம் மலிவா சந்தைக்கு வந்துது, தனியாளா படம் எடுக்க நினைச்சவங்களுக்கு அது நல்ல காலம். ஆனா மாயா டெரன்ங்கிற அமெரிக்க பரிசோதனைப் பட இயக்குநர் அதுக்கும் முன்னாடியே, 1943-ல, செகண்ட் ஹேண்ட் போலெக்ஸை வெச்சு வீட்டுலயே எடுத்த 14 நிமிஷப் படம் சினிமா வகுப்புல இன்னைக்கும் ஓடுது. அவங்க 1959-ல அமெச்சூர்ங்கிற வார்த்தைக்கே அர்த்தம் லத்தீன்ல நேசிக்கிறவன்னு எடுத்துக் காட்டி, உனக்கு லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்ல, அந்த சுதந்திரத்தை யூஸ் பண்ணுங்கிற மாதிரி எழுதினாங்க. இங்கிலாந்துல கெவின் பிரவுன்லோ, 18 வயசு, ஆண்ட்ரூ மோலோ, 16 வயசு, ஹிட்லர் பிரிட்டனைப் பிடிச்சிருந்தா எப்படி இருக்கும்னு 1956-ல ஒரு படம் ஆரம்பிச்சு எட்டு வருஷம் எடுத்தாங்க. அந்த பிரவுன்லோவே 15 வயசுல வீட்டு ப்ரொஜெக்டருக்கு வாங்கின 9.5 எம்எம் ரீல்ல பிரெஞ்சு இயக்குநர் ஏபல் கான்ஸோட நெப்போலியன்ங்கிற மௌனப் படத்தோட துண்டைப் பாத்து பித்துப் பிடிச்சு, வாழ்க்கை பூரா அந்தப் படத்தோட சிதறின பாகங்களைத் தேடிச் சேத்தவர்.

அப்படி இருந்தும் 1950-கள்ல விளம்பரம், பத்திரிகை, கையேடு எல்லாம் அமெச்சூர் கேமரான்னா அப்பா எடுக்குற குடும்பப் படம்னு சுருக்கிடுச்சு, பாட்ரிசியா ஸிம்மர்மன்ங்கிற ஆய்வாளர் 1995-ல எழுதின புத்தகத்துல இதைத்தான் விரிவா சொல்றாங்க. மாக்சிமோட லீக் 1954-ல போட்டோகிராஃபி சங்கத்தோட கலந்து காணாம போச்சு. 1965-ல சூப்பர் 8 வந்து ஸ்பூல் மாத்துற தொல்லையும் போச்சு.

இப்ப அந்த ரீலெல்லாம் பரண்ல கிடக்கு. சட்டுனு தீப்பிடிக்காத ஃபிலிம்னு சொன்னேன்ல, அந்த அசிடேட் நைட்ரேட் மாதிரி பத்திக்காது, ஆனா சூடும் ஈரமும் பட்டா அசிட்டிக் அமிலம் விட்டு புளிச்ச வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், ஒட்டிக்கும். 2009-ல க்ளென் கர்ட்ஸ்ங்கிற எழுத்தாளர் ஃப்ளோரிடால பெத்தவங்க வீட்டுல அப்படி ஒரு டப்பாவைக் கண்டுபிடிச்சாரு. தாத்தா 1938-ல ஐரோப்பா டூர் போனப்ப 16 எம்எம்ல எடுத்தது, ஒட்டிக் கட்டியா போயிருந்துச்சு, லேப்ல பாடுபட்டு பிரிச்சாங்க. அதுல மூணு நிமிஷம் போலந்துல நாசியெல்ஸ்க்ங்கிற சின்ன ஊர், யூதர்கள் வாழ்ந்த தெரு. வெயில், கூட்டம், பசங்க ஃப்ரேமுக்குள்ள வர முண்டியடிச்சு குதிக்கிறாங்க, சிரிக்கிறாங்க. அந்த ஊர்ல ஏறத்தாழ 3000 யூதர்கள் இருந்தாங்க, போர் முடிஞ்சப்ப மிஞ்சினது நூறு பேருக்கும் கம்மி. படத்தை அமெரிக்காவுல இருக்கற ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செஞ்ச யூத இன அழிப்பு) அருங்காட்சியகம் இணையத்துல போட்டாங்க, எங்கயோ அமெரிக்காவுல ஒரு பொண்ணு அதைப் பாத்துட்டு, குதிக்கிற பசங்கள்ல ஒருத்தனைக் காட்டி இது எங்க தாத்தான்னு சொன்னா. படம் எடுத்தப்ப அவருக்கு 13 வயசு. பேத்தி கண்டுபிடிச்சப்பவும் உயிரோட இருந்தாரு, பக்கத்துல நிக்கிற மத்த பசங்க சிலரோட பேரையும் சொன்னாரு.